வயலில் கிடைத்த உறைப்பூண்: புளி போட்டுத் தேய்க்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் ஓர் உழவு நிலத்தில், உரிமையாளரின் அனுமதியோடு மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியபோது பச்சைக் களிம்பேறிய சிறு கூடு ஒன்று கிடைத்தது. நீளம் 4 செ.மீ. கீழே குறுகிச் சிறு குமிழில் முடிகிறது. வாளுறையின் பாகமா? சுத்தம் செய்யலாமா? யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

பதில்: உலக்கை நுனிக்குப் பூண் போடுவோமே, அதே வேலைதான். கத்திமுனை தோலுறையைக் குத்திக் கிழிக்காமலும் உறையின் நுனி தேயாமலும் இருக்க மாட்டிய பூண். ஆங்கிலத்தில் ‘சேப்’ என்பார்கள். செப்புக் கலவைத் தகட்டை மடித்துச் செய்தவை 13 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை அங்கே புழக்கத்தில் இருந்தன.

இடைவார் நுனியில் மாட்டும் தகட்டையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வாய்ப்பக்கம் பாருங்கள். வார்த்தகடு என்றால் இரு தகடுகளுக்கு நடுவே வார் நுழையும் அளவுக்கு மெல்லிய சந்துதான் இருக்கும். பூணின் உள்ளே வயிறு போல வெற்றிடம் இருக்கும், நுனியை நோக்கி அது ஒடுங்கும். முதுகில் பற்றவைத்த தையல் தெரியலாம்; பற்று விட்டுப்போய்த் தகடு விரிந்தும் கிடக்கலாம். வாயருகே உள்ள சிறு துளை, தோலோடு சேர்த்து ஆணி அடித்த இடம். வாயின் அகலம் 2 செ.மீ. அளவில் இருந்தால் கத்தி அல்லது குத்துவாளின் உறை என்று நினைக்கலாம். 4, 5 செ.மீ. இருந்தால் வாள். அளவை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

உள்ளே அடைத்திருக்கும் மண்ணைக் குச்சியால் நோண்டிவிடாதீர்கள். செப்பு உப்புகள் நுண்ணுயிர்களைக் கொல்வதால், மற்ற இடங்களில் மட்கிப்போகும் தோலும் மரமும் பூணுக்குள் தப்பிப் பிழைத்திருக்கலாம். மரச்சிம்பும் தோலும் சேர்ந்திருந்தால் வாளுறையாக இருக்க வாய்ப்பு அதிகம். கத்தியுறை பெரும்பாலும் வெறும் தோல். என்னைக் கேட்டால், வெளிப்பளபளப்பைவிட இந்தத் துணுக்குக்குத்தான் மதிப்பு.

குத்துவிளக்குக்குப் புளி சரி, இதற்குக் கூடாது. எலுமிச்சையும் வினிகரும் அப்படியே. பழைய மேற்பரப்பும் செதுக்குக் கோடுகளும் பொன்முலாமும் களிம்பு அடுக்கோடுதான் ஒட்டியிருக்கும். அமிலம் எல்லாவற்றையும் சேர்த்துக் கரைத்துவிடும். வெளியே உதிரும் மண்ணை மட்டும் உலர்ந்த மென்தூரிகையால் தட்டுங்கள். உலர்ந்த பொருள் என்றால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது வெண்கல நோய்: உலோகத்தில் தங்கிய குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து அரிக்கிறது. ஈரமான தோல் கண்ணில் பட்டால் கதையே வேறு. காயவிட்டால் அது சுருங்கி வெடிக்கும். மண்ணோடு பாலித்தீன் பையில் கட்டி, ஃப்ரீசரில் அல்லாமல் ஃப்ரிட்ஜில் வைத்து, சீக்கிரம் தொல்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் கொண்டுபோங்கள்.

பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களைப் பதிவு செய்ய அங்கே ஓர் அதிகாரி இருப்பார்; அந்த வட்டாரத்தின் ‘ஃபைண்ட்ஸ் லியேசான் ஆபீசரிடம்’ பதிவு செய்யுங்கள். கிடைத்த இடத்துக்கு வரைபடத்தின் 8 இலக்கக் கட்ட எண் (10 மீட்டர் துல்லியம்), அளவுகோலோடு முன், பின், பக்கவாட்டு, வாய்ப்புறப் படங்கள் தேவை. செப்புக் கலவைப் பூண் ஒன்று தனியாகக் கிடைத்தால் பொதுவாக அது சட்டப்படி ‘புதையல்’ ஆகாது. நில உரிமையாளரோடு செய்த ஒப்பந்தப்படி நடந்துகொள்ளலாம். ஆனால் எடையில் 10 சதவீதமாவது வெள்ளியோ பொன்னோ இருந்து, 300 ஆண்டுகளுக்கு மேல் பழையது என்றால், 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் கொரோனருக்கு (புதையலா என்று விசாரித்து முடிவு செய்யும் அதிகாரி) தெரிவித்தாக வேண்டும்.