சிஸ்டம் அட்மின் இன்டர்வியூவில் விட்டுப்போன அந்த ஒரு கேள்வி

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த பையன் சர்வர்களைப் பராமரிக்கும் சிஸ்டம் அட்மின் வேலைக்கான இன்டர்வியூவில் தேறவில்லை, பேசாமல் கோடிங் வகுப்பில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். அவன் எந்தக் கேள்வியில் மாட்டினான் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: “எல்லாரும் பயன்படுத்தும் ஃபைல் சர்வர் திணறுகிறது. யாரால் என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?” பையன், “டாப் கமாண்ட் போட்டுப் பார்ப்பேன்” என்றிருக்கிறான். மெஷினில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் கமாண்ட் அது.

பதில் தப்பில்லை, பாதியில் நின்றுவிட்டது. நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வரில் டாப் போட்டால் ‘என்எஃப்எஸ்டி’ என்ற பெயரில் கெர்னல் த்ரெட்டுகள் (லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே ஓட்டும் வேலைகள்) வரிசையாக நிற்கும். எல்லா கிளையண்டுக்கும், அதாவது சர்வரைப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்களுக்கும், வேலை செய்வது அவைதான். எது யாருக்காக என்று அதில் தெரியாது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மதகையே பார்த்துக்கொண்டு நிற்பீர்களா? வாய்க்கால் ஓரமாக நடந்து, எவன் மோட்டார் போட்டு இழுக்கிறான் என்றுதானே பார்ப்பீர்கள்.

இனி வருவதைப் பையனிடம் படிக்கக் கொடுங்கள்.

தம்பி, முதலில் சர்வரில் ஐஎஃப்டாப் (யாரோடு எவ்வளவு டேட்டா போகிறது என்று காட்டும் கமாண்ட்) போட்டு, என்எஃப்எஸ்ஸின் 2049-ஆம் போர்ட்டை மட்டும் வடிகட்டிப் பார். எந்த ஐபி முகவரி அதிகம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். நிறையப் பேர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் லட்சக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் உள்ள ஃபோல்டரை ஒருவன் ஃபைல் தேடும் ஃபைண்ட் கமாண்டைப் போட்டுத் துழாவிக்கொண்டிருந்தால், நெட்வொர்க்கில் போகும் டேட்டா கொஞ்சம்தான் இருக்கும், சர்வரோ மூச்சுத் திணறும். அதனால் என்எஃப்எஸ் கோரிக்கைகளை வகை வகையாக எண்ணிக் காட்டும் என்எஃப்எஸ்ஸ்டாட்டை ‘மைனஸ் எஸ்’ போட்டு ஓட்டு. அது காட்டுவது சர்வர் கிளம்பியதிலிருந்து சேர்ந்த மொத்தக் கணக்கு. சில நொடி இடைவெளியில் இரண்டு முறை எடுத்துக் கழித்துப் பார்த்தால்தான் இப்போது நடப்பது தெரியும். ரீட், ரைட் ஏறவில்லை, கெட்அட்டரும் (ஃபைல் விவரம் கேட்பது) லுக்கப்பும் (பெயரை வைத்து ஃபைலைத் தேடுவது) மட்டும் எகிறுகிறது என்றால் இந்தத் துழாவல் வேலைதான் என்று சந்தேகப்படலாம்.

லினக்ஸ் கெர்னல் 5.3-லிருந்து, கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ‘ப்ராக்’ கீழே என்எஃப்எஸ்டி-க்குள் ‘கிளையண்ட்ஸ்’ என்று ஒரு டைரக்டரி உண்டு. என்எஃப்எஸ் 4 கிளையண்டுகள் யார் யார், எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது அதில் கிடைக்கும். எவ்வளவு எழுதுகிறார்கள் என்பது கிடைக்காது. அதற்குச் சந்தேகப்படும் கிளையண்டிலேயே உட்கார்ந்து, படிக்கும் எழுதும் அளவைக் காட்டும் என்எஃப்எஸ்ஐஓஸ்டாட் போட வேண்டும். விண்டோஸ் கிளையண்டுகளுக்கு ஃபைல் பகிரும் சாம்பா ஓடும் இடமாக இருந்தால், யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் எஸ்எம்பிஸ்டேட்டஸ் போடு.

இதற்கு கோச்சிங் சென்டர் எதற்கு? ஒரே லேப்டாப்புக்குள் பல மெஷின்களை ஓடவைக்கும் விர்ச்சுவல்பாக்ஸைப் போட்டு மூன்று டெபியன் லினக்ஸ் மெஷின்: ஒன்று சர்வர், இரண்டு கிளையண்ட். ஒரு கிளையண்டில் டேட்டாவை நகலெடுக்கும் டிடி கமாண்டை ஓட்டிப் பெரிய ஃபைலை எழுதவிடு, மற்றதில் ஃபைண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடு. எந்தக் கிளையண்டில் எது ஓடுகிறது என்பதைத் தங்கையை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லி, சர்வரில் மட்டும் உட்கார்ந்து கண்டுபிடி.

ஐயா, உங்களுக்கு மறுபடியும். இந்த வேலைக்கு சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. தஞ்சாவூரில் 2024-இல் டைடல் நியோ ஐ.டி. பூங்கா திறந்தார்கள், திருச்சி நாவல்பட்டில் எல்காட் ஐ.டி. வளாகம் இருக்கிறது. கல்லூரி லேப், ஆஸ்பத்திரி, பெரிய பிரஸ் என்று பொது ஃபைல் சர்வர் வைத்திருக்கும் இடங்களிலும் இந்த ஆள் தேவைப்படும். சான்றிதழ் வேண்டும் என்றால் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற சிஸ்டம் அட்மின் தேர்வை எழுதலாம். அது முழுக்கச் செய்து காட்டும் தேர்வு, என்எஃப்எஸ் மவுண்ட் செய்வதும் (சர்வரின் ஃபோல்டரைக் கிளையண்டில் இணைப்பது) பாடத்திட்டத்தில் உண்டு. கட்டணம் குறைவில்லை, அதனால் வீட்டில் நன்றாகப் பழகிய பிறகு கட்டினால் போதும்.

கோடிங் வகுப்புக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.