மொபைலில் நாள் முழுக்கத் தமிழ்ப் பாட்டு ஓடினால் குழந்தைக்குப் பேச்சு வருமா?

வராது. பேச்சு வளர்வது மாறி மாறிப் பேசுவதில்தான். குழந்தை ஒரு சத்தமோ சைகையோ செய்கிறது, நீங்கள் அதற்குப் பதில் தருகிறீர்கள், மறுபடி அதன் முறை. சென்னை வியாசர்பாடியில் கேரம் கற்கும் பிள்ளை போலத்தான்: எத்தனை ஆட்டம் வேடிக்கை பார்த்தாலும், தன் முறை வந்து ஸ்ட்ரைக்கரைத் தொட்டால்தான் விரல் பழகும்.

குழந்தைகளின் மொழி கற்றலை ஆராயும் அமெரிக்க ஆய்வாளர் பாட்ரிசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியை 12 அமர்வுகளில் கேட்க வைத்தார்கள். நேரில் ஆள் பேசியபோது அந்த ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதையே வீடியோவில் பார்த்தவை கற்கவில்லை. திரை குழந்தையின் பார்வையைப் பின்தொடராது, பதிலுக்குக் காத்திருக்காது.

வீட்டில் செய்ய வேண்டியது: டிவியை அணையுங்கள், பின்னணிச் சத்தத்தில் சொற்கள் கலங்கிவிடும். குழந்தையின் முகமட்டத்துக்கு உட்கார்ந்து, அது பார்ப்பதையே சொல்லுங்கள். பிறகு 5 முதல் 10 விநாடி சும்மா இருங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான், பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். குழந்தை "பஸ்" என்றால் நீங்கள் "பெரிய பஸ் வருது" என்று கொஞ்சம் நீட்டுங்கள். "இது என்ன, சொல்லு" என்று பரீட்சை வைத்தால் பல குழந்தைகள் வாயை மூடிக்கொள்ளும்.

16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, அல்லது 2 வயதில் இரு சொல் சேர்க்கவில்லை என்றால் முதலில் காது கேட்கும் பரிசோதனை. ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கேளுங்கள்.

வண்ணாரப்பேட்டைப் பக்கம் பல வீடுகளில் தமிழோடு தெலுங்கோ உருதுவோ புழங்குகிறது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகும் என்பது தவறு, பாட்டியின் மொழியை நிறுத்த வேண்டாம்.