சண்டைப் போட்டிப் பந்தயத்தில் சேமிப்பை இறக்கலாமா?

கேள்வி: பல ஆண்டுகள் கலப்புத் தற்காப்புக் கலை பயின்றவன் நான். குத்துச்சண்டையையும் யுஎஃப்சி (கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டைகளை நடத்தும் அமெரிக்க நிறுவனம்) போட்டிகளையும் விடாமல் பார்த்து வருகிறேன். அண்மைக் காலத்தில் ஒரே அளவு தொகையை வைத்து 60 பந்தயங்கள் கட்டினேன். பெரும்பாலும் விகிதம் (வென்றால் கட்டிய தொகையைப் போல எத்தனை மடங்கு திரும்பக் கிடைக்கும் என்ற எண்) 1.91-ஐ ஒட்டியே இருந்தது. அவற்றில் 34-இல் வென்று, ஏறத்தாழ ஐந்து பந்தயத் தொகை லாபத்தில் இருக்கிறேன். சேமிப்பில் ஒரு பகுதியை இதில் இறக்கிவிட்டு வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ள நினைக்கிறேன். நீண்ட காலத்தில் இது லாபம் தருமா?

பதில்: சேமிப்பை எடுக்க வேண்டாம், வேலை நேரத்தையும் குறைக்க வேண்டாம். நீண்ட காலத்தில் லாபம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் மிகச் சிலர். அவர்களுக்குக் கிடைப்பதும் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் அளவுக்குப் பெரிய தொகை அன்று. உங்கள் விளையாட்டறிவைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. அந்த அறிவு முழுவதும் உண்மை என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சம பலமுள்ள இருவர் மோதும் சண்டைக்குப் பந்தய நிறுவனம் இரு பக்கமும் 1.91 தருகிறது என்றால், 100 கட்டி வென்றால் லாபம் 91, தோற்றால் நட்டம் 100. ஆகவே முதலுக்கு மோசம் வராமலிருக்கவே நூற்றுக்கு 52.4 முறை வெல்ல வேண்டும். 50-க்கு மேல் தேவைப்படும் அந்தக் கூடுதலே நிறுவனம் தனக்கு எடுத்துக்கொள்ளும் பங்கினால் வருவது. நான்கு சண்டைகளின் முடிவுகளை ஒன்றாகக் கோத்துக் கட்டும் கூட்டுப் பந்தயத்தில் நிறுவனத்தின் இந்தப் பங்கு ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருகி, கட்டிய தொகையில் சராசரியாக 17 விழுக்காட்டை விழுங்கிவிடும். அந்த வகைப் பந்தயத்தை உடனே கைவிடுங்கள்.

இனி உங்கள் 60 பந்தயங்களுக்கு வருவோம். விளையாட்டைப் பற்றி எதுவுமே தெரியாமல் நாணயத்தைச் சுண்டிப் பார்த்துப் பந்தயம் கட்டுபவர்களில்கூட, ஐந்தில் ஏறக்குறைய ஒருவருக்கு 60-இல் 34 அல்லது அதற்கு மேற்பட்ட வெற்றிகள் கிடைக்கும். 200 பந்தயங்களுக்குப் பிறகும் அப்படிப்பட்டவர்களில் நான்கில் ஒருவர் லாபத்திலேயே இருப்பார். மறுபக்கம், உண்மையிலேயே 54 விழுக்காடு வெல்லும் திறமை கொண்டவர்கள் ஆயிரம் பந்தயங்கள் கட்டிய பிறகும், ஏழில் ஒருவர் நட்டத்தில் நிற்பார். உங்கள் கையில் இருக்கும் பதிவு திறமையையும் மெய்ப்பிக்கவில்லை, அதிர்ஷ்டத்தையும் மெய்ப்பிக்கவில்லை. ஒரு வீரர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே களமிறங்கும் விளையாட்டில், ஆயிரம் நல்ல பந்தயங்கள் சேரவே பல ஆண்டுகள் ஆகும்.

அந்த 54 விழுக்காட்டுத் திறமை உங்களிடம் இருக்கிறது என்றே கொள்வோம். ஒவ்வொரு பந்தயத்திலும் கட்டும் தொகையில் சராசரியாக 3.1 விழுக்காடு லாபம் வரும். ஆண்டுக்கு 150 சண்டைகளில் உங்கள் கணிப்பு பந்தயச் சந்தையின் விகிதத்தைவிடச் சரியாக அமைந்து, ஒவ்வொன்றிலும் மூலதனத்தில் ஒரு விழுக்காட்டைக் கட்டினால், ஆண்டு முடிவில் எதிர்பார்க்கத்தக்க வருமானம் மூலதனத்தில் 4.7 விழுக்காடு. அதைச் சுற்றிய ஏற்ற இறக்கமோ ஏறத்தாழ 12 விழுக்காடு. அதாவது நட்டத்தில் முடியும் ஆண்டுகள் அடிக்கடி வரும். சண்டைப் பதிவுகளைப் பார்த்து ஆராயச் செலவிடும் மணிநேரங்களுக்கு இந்தக் கணக்கில் கூலியே போடவில்லை. இந்த வருமானத்தில் வாழ வேண்டுமென்றால் ஆண்டுச் செலவைப் போல 21 மடங்கு மூலதனம் வேண்டும், அவ்வளவு பணம் உள்ளவருக்கு இந்தத் தொழிலே தேவைப்படாது. தொகையைக் கூட்டி விரைவாகச் சம்பாதிக்கலாம் என்று தோன்றும். ஆனால் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு 1956-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் கெல்லி வகுத்த சூத்திரத்தின்படி, இத்தகைய பந்தயத்தில் உச்ச வரம்பே மூலதனத்தின் 3.5 விழுக்காடுதான்; அதுவும் வெற்றி வாய்ப்பு துல்லியமாகத் தெரிந்தால் மட்டும். உங்களுக்கு அது துல்லியமாகத் தெரியாது, யாருக்கும் தெரியாது.

சண்டை விளையாட்டுக்கே உரிய ஆபத்துகளும் உண்டு. 1.05 விகிதத்தில் 'நிச்சய' வெற்றியாளர் மீது கட்டுபவர் 20 வெற்றிகளில் சேர்ப்பதை ஒரே தோல்வியில் இழப்பார். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் வெற்றி நிச்சயம் என்று கருதப்பட்ட குத்துச்சண்டைச் சாம்பியன் மைக் டைசனை பஸ்டர் டக்ளஸ் வீழ்த்திய சண்டை அப்படிப்பட்டதுதான். ஒரே அடியில் எல்லாம் தலைகீழாகும். தீர்ப்புக்குச் சென்றால் மூன்று நடுவர்களின் பார்வை முடிவு செய்யும். பயிற்சியில் பட்ட காயமும் எடையைக் குறைத்ததால் வந்த தளர்ச்சியும் உள்ளே இருப்பவர்களுக்கே தெரியும். யுஎஃப்சி 2022 அக்டோபரில் தன் வீரர்களும் பயிற்சியாளர்களும் பந்தயம் கட்டுவதைத் தடை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஒழுங்குமுறை ஆணையம் யுஎஃப்சி மீதான பந்தயங்களையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. உங்களைவிட அதிகம் அறிந்தவர் மறுபக்கத்தில் பணம் கட்டியிருக்கக்கூடும் என்பதை ஒவ்வொரு முறையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உங்கள் அறிவுக்கு உண்மையில் மதிப்பிருக்கக்கூடிய இடம், அதிகம் பேசப்படாத தொடக்கநிலைச் சண்டைகள். அவற்றுக்கு நிறுவனங்கள் ஏற்கும் தொகையோ மிகக் குறைவு. தொடர்ந்து வெல்பவரின் கணக்குக்கு வரம்பு விதிப்பதும் பல நிறுவனங்களில் வழக்கம். திறமை கூடக் கூட வாசல் சுருங்கும் தொழில் இது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சேமிப்பையும் அவசரகால நிதியையும் தொடாமல், முழுவதும் போனாலும் வீட்டுச் செலவு பாதிக்காத சிறு தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். உங்கள் நாட்டின் சட்டம் இதை அனுமதிக்கிறதா, வெற்றித் தொகைக்கு வரி உண்டா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் நீங்கள் பெற்ற விகிதத்தையும், சண்டை தொடங்கும் முன் இருந்த கடைசி விகிதத்தையும் எழுதி வையுங்கள். நீங்கள் 2.10-இல் வாங்கியது பலமுறை 1.95-க்கு இறங்கி முடிந்தால், அதாவது சந்தையே பின்னர் உங்கள் கணிப்பின் பக்கம் நகர்ந்தால், வெற்றி தோல்விக் கணக்கைவிட விரைவாக உங்கள் திறமையைக் காட்டும் சான்று அதுவே. அப்படி இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். தோற்ற பணத்தை மீட்கத் தொகையைக் கூட்டும் எண்ணம் வந்தாலோ, கட்டியதை வீட்டில் மறைக்க நேர்ந்தாலோ, அன்றே கணக்கை மூடிவிட்டு ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். அந்த நிலையில் பணத்தைப் பற்றிய என் ஆலோசனை மட்டும் உங்களுக்குப் போதாது.