பயனீட்டாளர் கேள்வி-பதில்: வெல்டிங் அடித்தார், மூடவில்லை

கேள்வி: பின்னால் இடிபட்ட காருக்குப் பின்பக்கச் சாமான் பெட்டியின் (பூட்) அடித்தகட்டை மாற்றி வெல்டிங் அடித்தார்கள். 2,800 வெள்ளி (ரிங்கிட்). நாலே மாதம், மழை பெய்தால் ஸ்பேர் டயர் குழியில் தண்ணீர் நிற்கிறது. “கார் கழுவும்போது போயிருக்கும்” என்கிறார் பட்டறைக்காரர். (செந்தூல் வாசகர்)

பதில்: கழுவினால் தண்ணீர் உள்ளே போகும் கார் என்றால் அது கார் இல்லை, வடிகட்டி.

ஸ்பாட் வெல்டிங் என்பது புடவைக்கு ஊக்குக் குத்துவது போல. குத்திய இடம் நிற்கும், நடுவில் இடைவெளி இருக்கும். இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் அந்த இடுக்கு தண்ணீரைத் தானாகவே உள்ளே இழுக்கும், வெளியே விடாது. கார்த் தொழிற்சாலையில் முழு உடலையும் பிரைமர் (அடிப்பூச்சு) தொட்டியில் முக்கி எடுத்த பிறகு ஒவ்வொரு இணைப்பின் மேலும் சீலர் (இடுக்கை அடைக்கும் பசை) ஓட்டுவது அதற்காகத்தான். பட்டறையிலும் அதே வரிசை வேண்டும்: வெல்டிங்குக்கு முன் தகடுகள் படியும் பக்கத்தில் துத்தநாகப் பிரைமர், பிறகு வெல்டிங், கருகலைத் தேய்த்துச் சுத்தம், எபோக்சி பிரைமர், அதன்மேல் இணைப்புக்கான சீம் சீலர், கடைசியில்தான் சாயம். நம்மவர்கள் நடுவில் உள்ள மூன்றையும் விழுங்கிவிட்டு நேராகச் சாயத்துக்குப் போகிறார்கள். பளபளப்பாக இருக்கும். நாமும் பல்லிளித்துக்கொண்டு பணம் கொடுப்போம்.

கார்ப்பெட்டைத் தூக்கி இணைப்புக் கோட்டில் நகத்தை அழுத்திப் பாருங்கள். ரப்பர் போல மெத்தென்று எதுவும் தட்டுப்படாவிட்டால் சீலர் இல்லை. படம் எடுங்கள், ரசீதை வைத்திருங்கள், திருத்தித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, விடாதீர்கள்.

கேள்வி: ஹார்ட்வேர் கடை சிலிக்கானையே நானே பூசிக்கொள்ளலாமா? விலை மலிவு. (ஜெலுத்தோங் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. நான் பூசியிருக்கிறேன். பழைய புரோட்டோன் சாகா கார் ஒன்றை வாங்கி, கதவோரத்தில் குளியலறை சிலிக்கானை ஒரு குழாய் முழுக்கப் பிதுக்கினேன். இரண்டு நாள் புளித்த காடி வாடை (நாம் ஓட்டும் காடி இல்லை, வினிகர்). அந்த அமிலமே இரும்பை அரிக்கும். மேலே சாயமும் ஒட்டாது, குழி குழியாக விலகும். சுரண்டி எடுக்க ஒரு சனிக்கிழமை போனது. கார் உடலுக்கென்றே விற்கும் பாலியூரித்தேன் சீலர் வாங்குங்கள்.

கேள்வி: படத்தைப் பார்த்து ஒருவரிடம் நேரடியாகப் பழைய மைவி கார் வாங்கினேன். இரவு நேரம், மழை, கார்ப்பெட்டைத் தூக்கவில்லை. உள்ளே எல்லாம் துரு. தீர்ப்பாயம் போகலாமா? (கெப்போங் வாசகர்)

பதில்: விற்றவர் வியாபாரி இல்லையே, அங்கே எடுபடாது. சௌ கிட் சந்தையில் ஒரு கெம்போங் மீன் வாங்கினாலும் செவுளைத் தூக்கிப் பார்ப்பீர்கள். காருக்கு மட்டும் என்ன அவசரம்?

கேள்வி: சீலர் போட்டாச்சு, சாயத்துக்கு அடியில் இருக்கிறது என்கிறார் பட்டறைக்காரர். நம்புவதா? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

பதில்: அடுத்த முறை சாயம் அடிக்கும் முன்பே வாட்ஸ்அப்பில் படம் கேளுங்கள்.

கேள்வி: காருக்கு அடியில் கறுப்பு அண்டர்கோட் பூச்சு அடித்தால் சீலர் தேவையில்லையாமே? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: தேவை. பட்டறையை மாற்றுங்கள்.