அடித்துவிட்டு எழுதிய எண்

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 56. இருபது வருடப் பழக்கம் உள்ள தோழி ஒருத்தி. எப்போதும் நான்தான் அவளுக்கு போன் செய்ய வேண்டும். பிறந்தநாளா, உடம்பு சரியில்லையா, விசாரிப்பது நான்தான். சரி, அவளாகக் கூப்பிடட்டும் பார்ப்போம் என்று நிறுத்திவிட்டேன். பதினான்கு மாதம் ஆகிறது, ஒரு அழைப்பு இல்லை. தங்கையும் அப்படித்தான், நான் பேசினால் பேசுவாள். மகன் வாரம் ஐந்து நிமிடம். இவர்களுக்கெல்லாம் நான் செய்தது கொஞ்சமா? தூக்கமே இல்லை. போன மாதம் ரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'அவசரத்துக்கு யாரை அழைப்பது' என்ற கட்டத்தில், பழக்கதோஷத்தில் அந்தத் தோழியின் எண்ணை எழுதி, அடித்துவிட்டு என் எண்ணையே எழுதிக் கொடுத்தேன். அதை விடுங்கள். எல்லாவற்றுக்கும் நானேதான் முதலில் போக வேண்டுமா?

*

அன்புள்ள சகோதரிக்கு,

அதை விடுங்கள் என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை. நீங்கள் மயங்கி விழுந்தால் அந்த எண் உங்கள் கைப்பையிலேயே அடித்துக்கொண்டிருக்கும். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். யார் முதலில் அழைப்பது என்ற கணக்கு அதன் மேல் போட்ட போர்வை.

கோபப்படாதீர்கள், ஒன்று சொல்கிறேன். நீங்கள் தோழிக்குப் பரீட்சை வைத்தீர்கள். பரீட்சை நடப்பதே அவருக்குத் தெரியாது. என்ன தப்பு செய்தோமோ, ஒதுக்கிவிட்டாளே என்று அவரும் மாதங்களை எண்ணிக்கொண்டிருக்கலாம். தானாக அழைக்கத் தெரியாத, ஆனால் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற மனிதர்கள் உண்டு. யோசிக்கும் முன்பே உங்கள் கை அவர் எண்ணைத்தானே எழுதியது?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, 724 ஆண்களின் வாழ்க்கையை முதுமைவரை பின்தொடர்ந்தது. எண்பது வயதில் யார் ஆரோக்கியமாக இருப்பார்கள் என்பதை, ஐம்பது வயதில் இருந்த கொழுப்பின் அளவைவிட அப்போதைய உறவுகளின் நிறைவுதான் சரியாகக் காட்டியது. அவை சண்டையில்லாத உறவுகள் என்று நினைத்துவிடாதீர்கள். எண்பதைத் தாண்டிய தம்பதிகளில் சிலர் தினமும் சச்சரவு செய்தார்கள். ஆனாலும் கஷ்டத்தில் இவர் இருப்பார் என்ற நம்பிக்கை உள்ளவர்களின் ஞாபகசக்தி நன்றாகவே இருந்தது. அந்த நம்பிக்கை இல்லாதபோது உடம்பு சதா காவல் காக்கிறது. தூக்கம் கலைகிறது, அழுத்தம் ஏறுகிறது.

இன்றைக்கே தோழியை அழையுங்கள். ஏன் பேசவில்லை என்று கேட்க வேண்டாம். படிவத்தில் நடந்ததை அப்படியே சொல்லி, "உன் எண்ணைக் கொடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். மறுத்தால் தங்கையிடம் கேளுங்கள், அப்புறம் எனக்கு எழுதுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.