மகளின் இணையச் சேலைக் கடைக்கு ஓய்வுக்காலப் பணத்தைத் தரலாமா?

கேள்வி: நான் சென்னை வில்லிவாக்கத்தில் வசிக்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் தொழிற்சாலையில் பணியாற்றி, 58 வயதில் சென்ற மாதம் ஓய்வுபெற்றேன். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையுமாக 32 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. ஓய்வூதியம் மாதம் ஐயாயிரத்துக்குள்தான். சொந்த வீடு இருக்கிறது, கடன் இல்லை. சிறுசேரியில் மென்பொருள் நிறுவனத்தில் 65,000 ரூபாய் சம்பளம் வாங்கும் என் மகள், எட்டு மாதங்களாக இன்ஸ்டாகிராமில் விசைத்தறிக் காட்டன் சேலைகளை விற்று வருகிறாள். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக இணையதளம் தொடங்க 12 லட்சம் கேட்கிறாள். தெருவுக்கு நான்கு பேர் ஆன்லைனில் சேலை விற்கும்போது புதிதாக வருபவருக்கு இனி என்ன மிஞ்சும் என்று என் மனைவி கேட்கிறாள். மகளின் கணக்கு நோட்டைப் படமெடுத்து இணைத்துள்ளேன். விளம்பரத்துக்கு அவளுடைய கிரெடிட் கார்டிலிருந்து இதுவரை 42,800 ரூபாய் போயிருக்கிறது. திரும்பி வந்த சேலைகள் கட்டிலுக்கடியில் இரண்டு அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன. பணம் தரலாமா?

பதில்: உங்கள் மகளின் நோட்டை வரி வரியாகப் பார்த்தேன். தேதி, பெயர், ஊர், தொகை என்று ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருக்கிறார். தொழில் தொடங்குபவர்களில் இந்த ஒழுங்கு பலருக்கு இருப்பதில்லை. ஆனால் விற்பனை என்று கூட்டிப் போட்டிருக்கும் 2,35,400 ரூபாயை வைத்துத்தான் அவர் வேலையை விடத் துணிகிறார் என்றால், அந்தத் தொகைக்குள் மூன்று விஷயங்கள் மறைந்திருக்கின்றன. கட்டிலுக்கடியில் கிடக்கும் 38 சேலைகள் அதில் கழிக்கப்படவில்லை. கார்டில் போன விளம்பரச் செலவுக்கு நோட்டில் பத்தியே இல்லை. ஜி.எஸ்.டி. என்ற சொல் எங்குமே இல்லை.

சராசரியாக 1,100 ரூபாய்க்கு விற்கும் ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். விலைக்குள் அடங்கிய 5 சதவீத ஜி.எஸ்.டி. 52 ரூபாய் போனால் 1,048. நோட்டின்படி கொள்முதல் விலை 600, உறையும் அட்டையும் 25, கூரியர் 80, பணம் வசூலித்துத் தருவதற்கான கட்டணம் 26. அனுப்பிய 214 பார்சல்களுக்கும் விளம்பரச் செலவைப் பங்கிட்டால் பார்சலுக்கு 200. எல்லாம் போக ஒரு சேலையில் நிற்பது 117 ரூபாய். வாங்காமல் திருப்பி அனுப்பப்படும் பார்சலிலோ போகவர கூரியர் 160, உறை 25, விளம்பரம் 200 என 385 ரூபாய் நஷ்டம். ஆகவே விற்று நின்ற 176 சேலைகளில் கிடைத்தது 20,592 ரூபாய். திரும்பிய 38 சேலைகளில் போனது 14,630 ரூபாய். எட்டு மாத உழைப்புக்கு மிச்சம் 5,962 ரூபாய், அதாவது மாதம் 745 ரூபாய். திரும்பி வந்த சேலைகள் கசங்காமல், மடிப்புக் கலையாமல் மறுபடி அதே விலைக்குப் போகும் என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கும்.

உங்கள் மனைவியின் கேள்விக்கான விடையும் இதே நோட்டில் இருக்கிறது. இந்த 214 பார்சல்களிலிருந்து விளம்பரம் விற்ற நிறுவனத்துக்கு 42,800 ரூபாயும் கூரியர்காரருக்கு 20,160 ரூபாயும் போயிருக்கின்றன. உங்கள் மகளுக்குக் கிடைத்தது ஆறாயிரத்துக்கும் குறைவு. இணையத்தில் பணம் இல்லாமல் போய்விடவில்லை. சந்தைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வருபவருக்கு முன்னால், வழியில் சுங்கம் வசூலிப்பவர் தம் பங்கை எடுத்துக்கொண்டுவிடுகிறார், அவ்வளவுதான்.

இந்தச் சுங்கம் குறையப்போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானபோது கோடிக்கணக்கானோர் புதிதாக இணையத்துக்குள் வந்தார்கள். அவர்களுக்குப் பொருள் காட்டுவதற்குப் போட்டியிட்டவர்கள் அன்று குறைவு. சமூக வலைத்தள விளம்பரம் ஏலத்தில் விற்கப்படும் பொருள் என்பதால், கேட்பவர்கள் பெருகப் பெருக விலை ஏறுகிறது. தீபாவளி நெருங்கும்போது தி.நகரின் பெரிய துணிக்கடைகளும் உங்கள் மகளும் ஒரே பெண்ணின் கைபேசித் திரைக்காக ஒரே ஏலத்தில் கை தூக்குகிறார்கள். அந்தக் கடைகள் ஒரு சேலையில் நஷ்டப்பட்டாலும் அடுத்த சேலையில் எடுத்துவிடும்.

சென்னையிலிருந்தே இணையத்தில் வென்றவர்களை மகள் உதாரணம் காட்டக்கூடும். ஜோஹோ 1996-இல் வேறு பெயரில் தொடங்கி, வெளியார் முதலீட்டை நம்பாமல் தன் வருமானத்திலேயே வளர்ந்த நிறுவனம். பாரத் மேட்ரிமோனி 1997-இல் தொடங்கியது. அதை நடத்தும் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின. இரண்டுமே கூரியர் செலவு இல்லாத தொழில்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு முறை செய்த மென்பொருளை ஆயிரம் பேருக்கு விற்றால் ஆயிரம் முறை பார்சல் கட்ட வேண்டியதில்லை. பொருளை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலோ வேறு. 2008-இல் தொடங்கப்பட்ட ஜொமேட்டோ, முதன்முதலாக ஒரு காலாண்டில் நிகர லாபம் காட்டியது 2023 ஏப்ரல்–ஜூனில். அதுவும் 2 கோடி ரூபாய்தான். அதுவரையிலான நஷ்டத்தைத் தாங்கியது முதலீட்டாளர்களின் பணம். உங்கள் வீட்டில் அந்த இடத்தில் இருக்கப்போவது உங்கள் பி.எஃப். பணம்.

எனக்கும் இதில் சூடுபட்ட அனுபவம் உண்டு. 2015-இல் நண்பர் ஒருவர் தொடங்கிய மளிகை டோர் டெலிவரித் தொழிலில் இரண்டு லட்சம் போட்டேன். அந்த டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் இருந்த கிடங்கு மூழ்கியது, தொழிலும் மூழ்கியது. வெகுநாள் வெள்ளத்தின் மீதே பழியைப் போட்டுக்கொண்டிருந்தோம். பிறகு ஒருநாள் பழைய பில்களைக் கூட்டிப் பார்த்தபோதுதான், மழைக்கு முன்பே ஒவ்வொரு ஆர்டரிலும் நாற்பது ரூபாய் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. ஆர்டர் கூடக் கூட நாங்கள் மகிழ்ந்திருக்கிறோம். அடுத்தவருக்குக் கணக்குச் சொல்லிப் பிழைக்கும் நான் அன்று அதைக் கேட்கவே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், உங்கள் மகளின் தொழிலை மூடிவிடச் சொல்ல மாட்டேன். நோட்டில் பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தேன்: விற்று நின்ற 176 சேலைகளில் 31, ஏற்கெனவே வாங்கியவர்கள் மறுபடி வாங்கியவை அல்லது ‘இன்னார் சொன்னார்’ என்ற குறிப்புடன் வந்தவை. அவை விளம்பரம் தேடித் தந்தவை அல்ல. அப்படி வருகிற ஆர்டரில் 117-க்குப் பதிலாக 317 ரூபாய் நிற்கும். அப்படி வந்த ஆர்டர்களில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இந்தத் தொழிலுக்கு உயிர் இருக்கிறது என்றால் அது இங்கேதான் இருக்கிறது.

அதை வைத்து ஓர் இலக்குக் கணக்குப் போட்டேன். நூறு பார்சல்களில் நாற்பது விளம்பரம் இல்லாமல் வந்து, திரும்பி வருபவை ஐந்தாகக் குறைந்தால், நூறு பார்சலுக்கு 17,190 ரூபாய் மிஞ்சும். அப்போதும் இன்றைய சம்பளத்தை ஈட்ட மாதம் ஏறக்குறைய 380 பார்சல்கள் அனுப்ப வேண்டும். இப்போது அனுப்புவது மாதம் 27. இந்த இடைவெளியை 12 லட்ச ரூபாய் நிரப்பாது. அந்தப் பணம் பெரும்பாலும் விளம்பரத்துக்கும் தேங்கும் சரக்குக்கும்தான் போகும்.

ஆகவே 12 லட்சம் தர வேண்டாம். மகள் இப்போது வேலையை விடவும் வேண்டாம். மூன்று லட்சத்தை மட்டும், திரும்பி வராவிட்டாலும் உங்கள் சாப்பாட்டுக்குப் பாதகமில்லை என்ற மனநிலையோடு ஒதுக்குங்கள். அதையும் ஒரே தவணையில் தராமல் முதலில் ஒரு லட்சம் கொடுங்கள். அடுத்த ஆறு மாதம் கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்திவிட்டு, யு.பி.ஐ.யில் முன்பணம் செலுத்துவோருக்கு 50 ரூபாய் குறைத்துக் கொடுத்துப் பார்க்கட்டும். ஆர்டர் குறையும், கட்டிலுக்கடியில் பெட்டியும் குறையும். ஆறு மாத முடிவில் விளம்பரமில்லாத ஆர்டர்களின் பங்கு நூற்றுக்கு முப்பதையாவது தொட்டிருந்தால் அடுத்த லட்சத்தைக் கொடுக்கலாம். தொடாவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்வதென்று இப்போதே இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, மகள் என்று வந்துவிட்டால் ஆறு மாதம் கழித்து இதைப் பேச வாய் வராது.

ஜி.எஸ்.டி. விஷயத்தை இந்த மாதமே சரிசெய்ய வேண்டும். ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள்; அந்த வரம்பு மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு உரியது. நோட்டில் பெங்களூரும் ஹைதராபாத்தும் இருப்பதால், விசைத்தறிச் சேலைக்குத் தொகை எவ்வளவு சிறியதானாலும் பதிவு தேவை. கைத்தறிப் பொருட்களுக்குச் சில விலக்குகள் உண்டு என்றாலும் அவை இவருக்குப் பொருந்தா. பழைய விற்பனையை எப்படி நேர்செய்வது என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்கு ஏஜென்ட் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மேற்கொண்டு முதல் தேவைப்பட்டால் மகள் தம் பெயரில் முத்ரா கடனுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. வீட்டுப் பத்திரத்தை எந்தக் கடனுக்கும் வெளியே எடுக்காதீர்கள். ஜாமீன் கையெழுத்தும் போடாதீர்கள்.

இனி உங்கள் பணம். 32 லட்சத்தில் 20 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் வரும். மீதமிருப்பது சரியாக மகள் கேட்கும் 12 லட்சம். தூக்கிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு அதனால்தான் வந்ததோ என்று தோன்றுகிறது. ஆனால் தொழிற்சாலையின் குழு மருத்துவக் காப்பீடு பணி ஓய்வோடு முடிந்திருந்தால், இருவருக்குமான பாலிசி எடுத்து, அது தொடாத செலவுகளுக்காக ஐந்து லட்சத்தை வங்கியில் குறுகிய கால வைப்பாக வைக்க வேண்டும். மகளுக்கான மூன்று லட்சம் போக எஞ்சும் நான்கு லட்சமும் வைப்பாகவே இருக்கட்டும். வட்டியைவிட விலைவாசி வேகமாக ஏறும் ஆண்டுகளில் அது கைகொடுக்கும்.

சேமிப்புத் திட்டத்தில் சேரும் வயது பொதுவாக 60. 55 முதல் 60 வயதுக்குள் ஓய்வுபெற்றவர்கள், ஓய்வுப் பலன் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் கணக்குத் தொடங்கினால் மட்டுமே இப்போதே சேரலாம். உங்களுக்கு அதில் ஒரு பகுதி கழிந்துவிட்டது. ஓய்வுபெற்ற விவரத்தையும் பலன் வழங்கப்பட்ட தேதியையும் குறிப்பிட்டுத் தொழிற்சாலையிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, இந்த வாரமே அஞ்சலகத்துக்கோ வங்கிக்கோ சென்றுவிடுங்கள்.