முதலிடம் பிடித்தவர்கள் ஏன் வீட்டுக்குப் போனார்கள்?

வணக்கம் சார்,

நான் வட கரோலினாவில், கேரியில் இருக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கால்பந்து ஆடுகிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் போய் எனக்கும் கல்லூரிப் பெண்கள் கால்பந்துப் பைத்தியம் பிடித்துவிட்டது. நாங்கள் விடாமல் பார்த்துவந்த ஒரு சின்னக் கல்லூரி, தன் கான்ஃபரன்ஸ் லீக்கில் முதலிடம் பிடித்தது. நவம்பரில் கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட். அரையிறுதியில் 1-1, பெனால்டி ஷூட்அவுட்டில் வெளியே. சீசனே அதோடு முடிந்தது. லீக்கில் ஐந்தாவதாக வந்த அணி தேசியப் போட்டிக்குப் போய்விட்டது. அப்புறம் பார்த்தால் அந்த அரையிறுதி ‘டிரா’ என்று பதிவாகியிருக்கிறது! மகள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இரண்டு மாத லீக் ஆட்டத்துக்கு மதிப்பே இல்லையா? தோற்காத ஆட்டத்தில் எப்படி வெளியேற்றலாம்?

ஒரு வாசகர், கேரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகளின் கோபம் நியாயமானது. ஆனால் அவர் கோபப்பட வேண்டியது டோர்னமென்ட் மீது அல்ல என்று நினைக்கிறேன். லீக் முதலிடத்துக்கு மதிப்பு உண்டா என்பது, அந்தக் கல்லூரி எந்தக் கான்ஃபரன்ஸில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரிய கான்ஃபரன்ஸில் இருந்தால் உண்டு. சின்னதில் இருந்தால் பெரும்பாலும் இல்லை.

மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரிகள் எட்டு, பத்து, பதினாறு என்று சேர்ந்து அமைத்துக்கொண்ட லீக் கூட்டணிதான் கான்ஃபரன்ஸ். ஆகஸ்ட் நடுவில் தொடங்கும் சீசன், நவம்பர் முதல் வாரத்தில் கான்ஃபரன்ஸ் டோர்னமென்டுக்கு வரும். அது நாக்அவுட். கோப்பை வென்ற அணிக்கு, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தேசியப் போட்டியில் நேரடி இடம். முதல் டிவிஷன் பெண்கள் போட்டியில் 2001 முதல் வழக்கமாக 64 அணிகள். அதில் ஏறக்குறைய பாதி இப்படி நேரடியாக வருபவை. மீதியை ஒரு தேர்வுக்குழு உட்கார்ந்து பொறுக்கி எடுக்கிறது.

சூட்சுமம் அந்த மீதியில்தான். குழு நெடுங்காலமாகப் பார்த்துவந்த ஆர்.பி.ஐ. என்ற கணக்கில், உங்கள் அணியின் வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம்தான் எடை. எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50, அந்த எதிரணிகளோடு மோதியவர்களின் விகிதத்துக்கு 25. முக்கால் பங்கு அடுத்தவர் கையில்! பலவீனமான லீக்கில் எல்லாரையும் தோற்கடித்தாலும் எண் ஏறாது. பலமான லீக்கில் நாலைந்து தோற்றாலும் பெரிதாக இறங்காது.

2022-ஐப் பாருங்கள். தென்கிழக்கு மாநிலங்களின் பெரிய கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி.யில் அலபாமா ஆடிய பத்து லீக் ஆட்டங்களிலும் வென்றது. ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் நடந்த டோர்னமென்ட் இறுதியில் சவுத் கரோலினாவிடம் 1-0 என்று தோற்றது. கோப்பை போனது, வேறு நஷ்டம் எதுவுமில்லை. தேசியப் போட்டியின் நான்கு முதல்நிலை அணிகளில் ஒன்றாகவே குழு அதை வைத்தது. அரையிறுதி வரை வந்து, உங்கள் ஊர் வேக்மெட் மைதானத்தில்தான் யு.சி.எல்.ஏ.விடம் தோற்றது. நீங்கள்கூட நேரில் பார்த்திருக்கலாம். நீங்கள் பார்த்த சின்னக் கல்லூரிக்கும் அலபாமாவுக்கும் நடந்தது ஒரே விபத்து. ஒருவருக்குச் சிராய்ப்பு, மற்றவருக்கு எலும்பு முறிவு.

அப்படியென்றால் சின்னக் கான்ஃபரன்ஸ்கள் ஏன் இந்த டோர்னமென்டை நடத்த வேண்டும்? என்.சி.ஏ.ஏ. கட்டாயப்படுத்தவில்லை. யாரை அனுப்புவது என்பதைக் கான்ஃபரன்ஸே முடிவு செய்யலாம். பசிபிக் கரைப் பெரிய கல்லூரிகளின் பேக்-12, லீக் முதலிடத்துக்கே இடத்தைக் கொடுத்துவந்தது. ஸ்டான்ஃபோர்ட் 2011, 2017, 2019 ஆண்டுகளில் தேசியக் கோப்பை வென்றது கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட் என்ற ஒன்றை ஆடாமலேதான். ஹார்வர்ட், பிரின்ஸ்டன் எல்லாம் இருக்கும் ஐவி லீகும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. ஆனால் 2023-ல் அதுவும் டோர்னமென்டுக்கு மாறிவிட்டது.

எனக்குத் தோன்றும் காரணம் இது. டோர்னமென்ட் இல்லாத லீக்கில், அக்டோபர் நடுவில் ஆறாவது ஏழாவது இடத்தில் இருக்கும் அணிக்கு ஆட எதுவும் மிச்சமில்லை. கடைசி வருட மாணவிகள் வெறுமனே நாளை ஓட்டுவார்கள். டோர்னமென்ட் இருந்தால் கடைசி வாரம் வரை எல்லாருக்கும் உயிர் இருக்கும். முதலிடக்காரரின் உறுதியைக் கொஞ்சம் பிடுங்கி மற்றவர்களுக்கு நம்பிக்கையாகப் பங்கு வைக்கும் ஏற்பாடு. உங்கள் மகள் அந்த ஐந்தாமிடக் கல்லூரியில் ஆடியிருந்தால் நீங்கள் எனக்கு வேறு கடிதம் எழுதியிருப்பீர்கள்.

சாரா ஃபுல்லரை நினைத்துக்கொள்ளுங்கள். நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கோல்கீப்பர். 2020, கொரோனா சீசன். எஸ்.இ.சி. டோர்னமென்டில் வாண்டர்பில்ட்டுக்குத் தரவரிசையில் ஏழாமிடம். நவம்பர் 22, இறுதி ஆட்டத்தில் ஆர்கன்சாவை 3-1 என்று சாய்த்தார்கள். 1994-க்குப் பிறகு அவர்களுக்கு முதல் கோப்பை. அதே வாரம் அந்தப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் பந்து உதைப்பவர்கள் கொரோனா தனிமைப்படுத்தலில் மாட்டிக்கொண்டார்கள். கூப்பிடு அந்தக் கோல்கீப்பரை என்றார்கள்! நவம்பர் 28 அன்று மிசூரிக்கு எதிராக இரண்டாம் பாதியைத் தொடங்கிவைத்து உதைத்தார். ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களின் ஃபுட்பால் ஆட்டத்தில் இறங்கிய முதல் பெண். டிசம்பர் 12, டென்னசிக்கு எதிராகப் புள்ளியும் எடுத்தார். அன்றுவரை அந்த மட்டத்தில் எந்தப் பெண்ணும் எடுத்ததில்லை. எஸ்.இ.சி. லீக்கோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் உள்ளதாக இருந்திருந்தால், ஏழாமிட அணியின் சீசன் அதற்கு வெகு முன்பே முடிந்து மூட்டை கட்டியிருப்பார்கள்.

சரி, முதலிடக்காரருக்கு ஒன்றுமே வேண்டாமா என்றால், வேண்டும். ஐ.பி.எல்.லில் முதல் இரண்டு அணிகளுக்கு ஒரு தோல்வியைத் தாங்க இடம் கொடுப்பது நல்ல ஏற்பாடு. கால்பந்தில் அதை அப்படியே செய்ய முடியாது. இந்தப் பெண்கள் நவம்பருக்குள் வியாழன், ஞாயிறு என்று வாரம் இரண்டு வீதம் ஆடிக் களைத்திருப்பார்கள், நடுவில் மிட்டெர்ம் தேர்வும் எழுதியிருப்பார்கள். இன்னொரு ஆட்டத்தைத் தலையில் ஏற்றக் கூடாது. ஆனால் முதலிடத்துக்குச் சொந்த மைதானமும், நேராக அரையிறுதியில் இறங்கும் சலுகையும் கொடுக்கலாம். சில கான்ஃபரன்ஸ்கள் கொடுக்கவும் செய்கின்றன. எல்லாரையும் ஏதோ ஒரு பொது ஊருக்கு இழுத்துக்கொண்டு போய் முதல் சுற்றிலிருந்து ஆடவைப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை.

இனி உங்கள் டிரா கேள்வி. 2022 முதல் கல்லூரி கால்பந்தில் லீக் ஆட்டங்களுக்கு எக்ஸ்ட்ரா டைம் கிடையாது. டோர்னமென்டில் மட்டும் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு. அதற்கு முன்பு முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். இப்போது இருபது நிமிடமும் முழுதாக ஆடியாக வேண்டும். அதிலும் முடியாவிட்டால் ஷூட்அவுட். ஷூட்அவுட்டை விதிகள் ஆட்டத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த சுற்றுக்கு யார் என்று தீர்க்கும் வழி, அவ்வளவுதான். ஆகவே இரண்டு அணிகளுக்கும் பதிவில் டிரா.

இதற்கு உங்கள் வட்டாரத்திலேயே பழைய கதை இருக்கிறது. உங்கள் பக்கத்துப் பெரிய கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.யின் பெண்கள் கால்பந்து டோர்னமென்ட் தொடங்கிய 1988. சேப்பல் ஹில்லின் நார்த் கரோலினா பல்கலைக்கழகம் 1986-க்கும் 1990-க்கும் நடுவில் 103 ஆட்டங்கள் தோற்காமல் இருந்த காலம் அது. ஆனாலும் அந்த முதல் கோப்பை, இறுதி ஆட்டம் ஷூட்அவுட் வரை போய், ராலேயில் உள்ள என்.சி. ஸ்டேட்டுக்குப் போனது. அந்த 103-க்கு எந்தப் பழுதும் வரவில்லை, ஏனென்றால் கணக்குப்படி அவர்கள் தோற்கவில்லை. சில வாரம் கழித்துத் தேசிய இறுதியில் அதே இரண்டு அணிகள். நார்த் கரோலினா 4, என்.சி. ஸ்டேட் 1. ராலேக்காரர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் எந்த ஆட்டத்தைப் பற்றி முதலில் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.